1941: ஒரு பேஸ்பால் பருவமும் அதன் நினைவும்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் ஆட்டக்காலம் ஒரு பருவம் எனப்படுகிறது. இத்தகைய பருவங்கள் நூற்றுக்கும் மேல் நடந்து முடிந்துவிட்ட போதிலும், 1941ஆம் ஆண்டின் பருவத்தைப் போலத் திரும்பத் திரும்ப நினைவுகூரப்பட்டவை மிகச் சிலவே. அந்தக் கோடையில் பத்தொன்பது வயதை எட்டிய ராபர்ட் கிரீமர், பின்னாளில் விளையாட்டு இதழாளராகப் பெயர் பெற்று, சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து 1991இல் அப்பருவத்தைப் பற்றித் தம் இளமை நினைவுகளையும் வரலாற்றையும் பின்னி ஒரு முழு நூல் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் பிறந்து, அப்பருவத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பே இல்லாதிருந்த அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டும் 1988இல் அதன் ஒரு பகுதியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். கண்டவரும் காணாதவரும் இவ்வாறு ஒரே கோடைக்குத் திரும்பி வருவதற்குக் காரணமாக வழக்கமாகக் கூறப்படுபவை 56, .406 என்ற இரண்டு எண்களே. இவற்றுள் முன்னது நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோவுக்கும், பின்னது பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸுக்கும் உரியவை.

எண்ணோடு ஒரு பெயரைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது விளையாட்டு நினைவின் இயல்பு. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், அவ்விரு எண்களும் உருவாவதற்கு வேறு பலருடைய முடிவுகளும் சலுகைகளும் தவறுகளும் காரணமாயிருந்தமை தெரியவரும். அவர்களுள் பெரும்பாலோர் நினைவிலிருந்து நழுவிவிட்டனர். ஒருவர் மட்டும், நழுவியிருந்தால் அவருக்கு நன்மையாக இருந்திருக்கும் என்று சொல்லத்தக்க வகையில், மறக்கப்படாமலே இருந்துவிட்டார்.

அக்காலத்தில் முதல்நிலைப் பேஸ்பால் என்பது அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரண்டு அமைப்புகளைக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் 154 ஆட்டங்கள் ஆடியது. இரு லீகுகளிலும் முதலிடம் பெற்ற அணிகள் அக்டோபரில் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் ஏழு ஆட்டத் தொடர் உலகத் தொடர் எனப்பட்டது. முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே பட்டம். மட்டையாளர் தாம் அடித்த பந்தினால், எதிரணிக் களக்காரரின் பிழையின் துணையின்றி, களத்தின் மூலைகளில் உள்ள பேஸ் எனப்படும் தங்குமிடங்களுள் ஒன்றைப் பத்திரமாக அடைந்தால் அது ஹிட் என்று கணக்கிடப்படும். ஹிட்களின் எண்ணிக்கையை மட்டை பிடித்த முறைகளின் எண்ணிக்கையால் வகுத்து மூன்று தசம இடங்களுக்கு எழுதினால் கிடைப்பது பேட்டிங் சராசரி. பத்து முறைக்கு மூன்று ஹிட் அடிப்பவர், அதாவது .300 சராசரி உடையவர், சிறந்த மட்டையாளர். நான்கு அடிப்பவர் எத்தகையவர் என்பதற்கு, கிரிக்கெட் வாசகர்கள் பிராட்மனின் 99.94ஐ நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தடுத்த 56 ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஹிட்டாவது அடித்த டிமாஜியோவின் தொடர் மே 15 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் தொடங்கியபோது அதை எவரும் கவனிக்கவில்லை. கவனிக்கத்தக்க நாளாகவும் அது இல்லை. நான்காம் இடத்தில் கிடந்த யாங்கீஸ் அணி சிகாகோ ஒயிட் சாக்ஸிடம் 13-1 என்ற கணக்கில் தோற்றது. எட்கர் ஸ்மித்தின் பந்தில் டிமாஜியோ அடித்த ஒற்றை ஹிட், அந்தத் தோல்விக்குள் புதைந்துபோன ஒரு சிறு செய்தி மட்டுமே. 1936 முதல் 1939 வரை நான்கு உலகத் தொடர்களைத் தொடர்ச்சியாக வென்றிருந்த அவ்வணி 1940இல் சறுக்கி, 1941இலும் தள்ளாடிக்கொண்டிருந்தது. வில்லியம்ஸும் அதே மே 15 அன்றுதான் 23 ஆட்டங்கள் நீண்ட தம் தொடரைத் தொடங்கினார் என்பதும், டிமாஜியோவின் 56 ஆட்டங்கள் நடந்த அதே நாட்களில் வில்லியம்ஸின் சராசரி டிமாஜியோவின் .408ஐவிடச் சற்று உயர்வாக .412ஆக இருந்தது என்பதும் பிற்காலத்தில் கணக்குப் பார்த்தவர்கள் கண்டெடுத்த செய்திகள். அன்றைய வாசகருக்கு இந்த ஒப்பீடு தோன்றியிருக்க வாய்ப்பில்லை; ஏனெனில் தொடர் என்பது நாள்தோறும் செத்துப் பிழைக்கும் ஒன்று, சராசரியோ மெல்ல ஊர்ந்து செல்வது.

அந்தக் கோடையின் மனநிலையை விளங்கிக்கொள்ள மே 27ஆம் நாளின் இரவு உதவும். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜயன்ட்ஸ் அணிக்கும் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கும் நடந்துகொண்டிருந்த இரவு ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது நிறுத்தப்பட்டது. வரம்பற்ற தேசிய நெருக்கடி நிலையை அறிவித்துக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆற்றிய வானொலி உரையை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், வீரர்களும் பார்வையாளர்களும் மைதானத்து ஒலிபெருக்கிகள் வழியே கேட்டனர். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஐரோப்பாவில் போர் இரண்டாம் ஆண்டின் நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கா அதில் இன்னும் நேரடியாக இறங்கவில்லை. ஆனால் கட்டாயப் படைச்சேர்ப்பு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. முதல்நிலை அணிகளிலிருந்து முதலில் படைக்கு அழைக்கப்பட்டவர் மார்ச் மாதத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஹ்யூ மல்காஹி. 1940ஆம் ஆண்டின் அமெரிக்கன் லீக் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றிருந்த டெட்ராய்ட்டின் ஹாங்க் கிரீன்பெர்க், மே 6 அன்று ஆடிய ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்கள், அதாவது அடித்தவரே எல்லாப் பேஸ்களையும் சுற்றிவரும் அடிகள், அடித்துவிட்டு மறுநாள் இராணுவத்தில் சேர்ந்தார். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்றவருக்கு அங்கே மாதம் 21 டாலர்.

ஜூன் 2 அன்று லூ கெரிக் காலமானார். 2,130 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் ஆடிய அந்த முன்னாள் யாங்கீஸ் வீரரை நரம்பு நோய் ஒன்று முப்பத்தெட்டு வயதுகூட நிறையாத நிலையில் கொண்டுபோயிற்று. அன்று கிளீவ்லாந்தில் பாப் ஃபெல்லரின் வேகப் பந்துகளில் டிமாஜியோ இரண்டு ஹிட்கள் அடித்தார். தொடர் பத்தொன்பதாம் ஆட்டத்தில் இருந்தது. அதை இன்னும் யாரும் உரக்கப் பேசத் தொடங்கியிருக்கவில்லை.

பேச்சு எழுந்தது ஜூன் நடுப்பகுதியில். அப்போதுதான் பிறருடைய கைகளும் இந்தக் கதைக்குள் வருகின்றன. ஜூன் 17 அன்று முப்பதாவது ஆட்டத்தில் டிமாஜியோ தரையோடு அடித்த பந்தொன்று சிகாகோவின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கிடையே நிற்கும் களக்காரர், லூக் ஆப்ளிங்கை நோக்கிச் சென்றது; கடைசி நொடியில் மண்ணில் பட்டுத் தாறுமாறாக எகிறி அவருடைய தோளில் மோதியது. அது ஹிட்டா பிழையா என்று தீர்ப்பளிப்பவர் களத்தில் நிற்கும் நடுவர் அல்லர். பத்திரிகையாளர் மாடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரபூர்வ கணக்காளரே அதைத் தீர்மானிப்பார். அக்காலத்தில் அப்பொறுப்பை வகித்தவர்கள் நாளிதழ்களின் விளையாட்டு நிருபர்கள். அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் நியூயார்க் வேர்ல்ட்-டெலிகிராம் இதழின் டான் டேனியல். அவர் ஹிட் என்றார். மறுநாளும் ஏறக்குறைய அதே நிலை: ஆப்ளிங் எட்டிப் பிடித்தும் எறிந்து முடிக்க இயலாத ஒரு மெல்லிய பந்து அன்றைய ஒரே ஹிட்டாக எழுதப்பட்டது. யாங்கீஸோடு ஊர் ஊராகச் செல்லும் நிருபர்களே அந்த அணியின் வீரருடைய சாதனைக்கும் தீர்ப்பாளர்களாக இருந்த ஏற்பாடு இன்றைய கண்ணுக்கு நெருடலாகவே தோன்றும். ஆயினும் டேனியல் அளித்த தீர்ப்புகள் அபத்தமானவை என்று கூறுவதற்கில்லை. எகிறிய பந்துக்குக் களக்காரரைக் குற்றம் சொல்லும் வழக்கம் பேஸ்பாலில் இல்லை. எனினும் அதே பந்துக்கு வேறொருவர் வேறு தீர்ப்பு எழுதியிருக்கக் கூடும் என்பதையும், எழுதியிருந்தால் 56 என்ற எண்ணே தோன்றியிருக்காது என்பதையும் மறுக்க இயலாது.

இதைவிடச் சிறந்த சான்று ஜூன் 26 அன்று கிடைக்கிறது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு எதிரான அந்த முப்பத்தெட்டாவது ஆட்டத்தில், கையைத் தாழ்த்தி இடுப்புக்குக் கீழிருந்து எறியும் எல்டன் ஆக்கர் என்ற பந்துவீச்சாளரிடம் டிமாஜியோ எட்டாம் இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. இரண்டாவதாக ஆடிய யாங்கீஸ் முன்னிலையில் இருந்ததால் கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் அவர்கள் ஆடத் தேவை இராது. ஆகவே எட்டாம் இன்னிங்ஸே கடைசி வாய்ப்பு. ஒருவர் ஆட்டமிழந்த நிலையில் ரெட் ரோல்ஃப் முதல் பேஸில் நிற்க, மட்டை பிடிக்க வந்தவர் டாமி ஹென்ரிக். அவருக்கு அடுத்தவரே டிமாஜியோ. ஹென்ரிக் பந்தை ஓங்கி அடித்து, அது களக்காரர் கைக்கு நேராகச் சென்றால், ஒரே பந்தில் இருவர் ஆட்டமிழக்கும் இரட்டை ஆட்டமிழப்பு நேர்ந்து இன்னிங்ஸ் முடிந்துவிடும். டிமாஜியோ மட்டை பிடிக்காமலே தொடர் அறுந்துவிடும். இதை எண்ணிப் பார்த்த ஹென்ரிக் பாதி வழியில் நின்று, மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம் திரும்பிச் சென்று, பண்ட் செய்யலாமா என்று கேட்டார். பண்ட் என்பது மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்துப் பந்தை மெதுவாகத் தரையில் விழச் செய்வது. அடிப்பவர் தாம் ஆட்டமிழப்பதை ஏற்றுக்கொண்டு முன்னே நிற்பவரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவதற்கான உத்தி. முன்னிலையில் இருக்கும் அணி, ஒருவர் ஏற்கெனவே ஆட்டமிழந்த பின், ஆற்றல் மிக்க ஒரு மட்டையாளரைக் கொண்டு இதைச் செய்வது ஆட்டத்தின் தருக்கத்துக்கு உகந்தது அன்று. மெக்கார்த்தி இசைந்தார். ஹென்ரிக் பண்ட் செய்து ஆட்டமிழந்தார். அடுத்து வந்த டிமாஜியோ ஆக்கரின் முதல் பந்திலேயே இரண்டு பேஸ் தொலைவுக்கு ஒரு ஹிட்டை இடப்புறமாக விரட்டினார்.

கூல்டின் கட்டுரை இத்தொடரைப் பற்றிய கணித வியப்பிலிருந்து தொடங்குகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்டு பர்செல், பேஸ்பாலில் நிகழ்ந்த எல்லாத் தொடர்களையும் சரிவுகளையும் கணக்கிட்டுப் பார்த்து, அவை யாவும் நாணயம் சுண்டுவதன் தற்செயல் எல்லைக்குள் அடங்குபவை என்றும், டிமாஜியோவின் 56 ஒன்றே நிகழ்ந்திருக்கக் கூடாத விதிவிலக்கு என்றும் கண்டறிந்ததை அவர் எடுத்துரைத்தார். கணக்கு சரியானதே. ஆனால் நாணயத்தைச் சுண்டும்போது பக்கத்தில் நின்று அதைத் திருப்பிவிட ஒரு ஹென்ரிக் இருப்பதில்லை. விதிவிலக்கின் ஒரு பங்கு, நிச்சயமாகச் சிறு பங்குதான், சக வீரர்களின் விருப்பத்தாலும் பத்திரிகை மாடத்தின் விருப்பத்தாலும் உருவானது என்று கொள்வது டிமாஜியோவின் பெருமையைக் குறைக்காது; ஓர் அணியும் ஒரு நகரமும் ஒரு மனிதருக்காக ஆட்டத்தின் வழக்கத்தையே சற்று வளைத்துக் கொடுத்தன என்பது தனியொரு மட்டையின் கதையைவிட நிறைவானது.

விரட்டப்பட்ட இலக்குகள்கூடக் காலப்போக்கில் தேடிப் பிடிக்கப்பட்டவையே. முதலில் பேசப்பட்டது செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் சிஸ்லர் 1922இல் எட்டிய 41. ஜூன் 29 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் ஒரே நாளில் நடந்த இரு ஆட்டங்களில் டிமாஜியோ அதைச் சமன் செய்து பின் கடந்தார். அவ்விரு ஆட்டங்களுக்கும் இடையிலான ஓய்வு நேரத்தில் யாரோ அவருடைய மட்டையைக் களவாடிவிட்டதால், தம்மிடமிருந்து முன்பு ஹென்ரிக் வாங்கிக்கொண்ட மட்டையை இரவல் பெற்று ஏழாம் இன்னிங்ஸில் அந்த ஹிட்டை அடித்தார். களவுபோனது சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. அதற்குள் நிருபர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி, வில்லி கீலர் 1897இல் அடித்த 44 என்ற இன்னொரு எண்ணைக் கண்டுபிடித்திருந்தனர். மட்டையில் பட்டு எல்லைக்கு வெளியே செல்லும் பந்து ஸ்டிரைக், அதாவது மூன்று சேர்ந்தால் மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்யும் தவறு, என்று எண்ணப்படாத காலத்தில் ஆடியவர் கீலர். ஆகவே அந்த ஒப்பீடு சரியான ஒப்பீடாகாது. ஆயினும் அது தேவைப்பட்டது. ஜூலை 2 அன்று பாஸ்டனுக்கு எதிராக அடித்த ஒரு ஹோம் ரன்னுடன் அதுவும் வீழ்ந்தது.

இவற்றையெல்லாம் நியூயார்க் மக்கள் எவ்வாறு பின்தொடர்ந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. விளம்பரதாரர் அமையாததால் அந்த ஆண்டு யாங்கீஸ் அணியின் ஆட்டங்களுக்கு வழக்கமான வானொலி வர்ணனை இருக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினில் மட்டும் ரெட் பார்பரின் குரல் டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. டிமாஜியோவின் தொடரோ மாலை நாளிதழ்கள், வானொலிச் செய்திகளின் இடையே ஓரிரு வாக்கியங்கள், கடைத்தெருவில் ஒருவரையொருவர் கேட்டறிதல் என்பனவற்றின் வழியே பரவியது. அன்று ஆட்டம் முழுவதையும் பின்தொடர்ந்தவர் சிலர். 'இன்று அடித்தாரா' என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டவர் பலர். எண் மட்டும் நினைவில் தங்கியதற்கு இந்தக் கேள்வியே ஒரு காரணம் எனலாம்.

ஜூலை 17 இரவு கிளீவ்லாந்தின் முனிசிபல் ஸ்டேடியத்தில் 67,468 பேர் கூடியிருந்தனர். முதல் இன்னிங்ஸில் டிமாஜியோ மூன்றாம் பேஸ் கோட்டையொட்டி ஓங்கி அடித்த பந்தை, கோட்டுக்கு அருகிலும் வழக்கத்தைவிடப் பின்தள்ளியும் நின்றிருந்த கென் கெல்ட்னர் புறங்கையால் பிடித்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்றுவிட்ட நிலையிலிருந்து முதல் பேஸுக்கு எறிந்து அவரை வீழ்த்தினார். ஏழாம் இன்னிங்ஸிலும் ஏறக்குறைய அதே பந்து, அதே பிடி, அதே எறி. எட்டாம் இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் லூ பூட்ரோவுக்கு முன்னால் எகிறியது. ஆப்ளிங்கின் தோளில் மோதிய பந்தைப் போலவே எகிறிய இது, பூட்ரோவின் கையில் சரியாகச் சிக்கி இரட்டை ஆட்டமிழப்பாயிற்று. ஒன்பதாம் இன்னிங்ஸில் கிளீவ்லாந்து 4-3 வரை நெருங்கி, சமன் செய்யும் ஓட்டம் மூன்றாம் பேஸில் யாரும் ஆட்டமிழக்காத நிலையில் நின்றும், அது நிறைவேறவில்லை; நிறைவேறியிருந்தால் ஆட்டம் நீண்டு டிமாஜியோவுக்கு மற்றொரு வாய்ப்பும் கிட்டியிருக்கலாம். தொடரின் போது 223 முறை மட்டை பிடித்து 91 ஹிட்கள் அடித்திருந்த அவர், மறுநாளே புதிதாகத் தொடங்கி மேலும் 16 ஆட்டங்களில் தொடர்ந்து ஹிட் அடித்தார். பருவம் முழுவதிலும் 30 ஹோம் ரன்கள் அடித்த ஒருவர் 13 முறை மட்டுமே ஸ்டிரைக் அவுட் ஆனார் என்பது, தொடரைவிடவும் வியப்புக்குரியது. ஆனால் நினைவு அதைத் தேர்ந்துகொள்ளவில்லை.

வில்லியம்ஸின் எண் வேறு வகையானது. பயிற்சிக் காலத்தில் கணுக்கால் எலும்பில் சிறு முறிவு ஏற்பட்டதால், முதல் இரு வாரங்கள் பெரும்பாலும் மாற்று மட்டையாளராகவே அவர் இறக்கப்பட்டார். குளிரான ஏப்ரல் நாட்களில் பந்துவீச்சாளர்களை அடிக்கடி எதிர்கொள்ள நேராததே அவருடைய சராசரிக்கு உதவியது என்று கருத இடமுண்டு. ஜூலை 8 அன்று டெட்ராய்ட்டில் நடந்த இரு லீகுகளின் தேர்வணி ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்த நிலையில் கிளாட் பாஸோவின் பந்தில் அவர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன் அமெரிக்கன் லீகுக்கு 7-5 என்ற வெற்றியைத் தந்தது. பேஸ்களைச் சுற்றிக் கைதட்டியபடி துள்ளி ஓடும் இருபத்திரண்டு வயது இளைஞரின் அந்தப் படம், பின்னாளில் பத்திரிகைகளோடும் பார்வையாளர்களோடும் ஓயாது பிணங்கிய வில்லியம்ஸைக் கண்டவர்களுக்கு வேறொருவரைப் போலத் தோன்றியிருக்கும்.

செப்டம்பர் 28 காலை அவருடைய சராசரி .39955, அதாவது 448 முறைக்கு 179 ஹிட்கள். வழக்கப்படி மூன்று தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் அது .400 என்றே ஏடுகளில் அச்சாகும். மேலாளர் ஜோ குரோனின், ஃபிலடெல்ஃபியாவில் அன்று நடக்கவிருந்த இரு ஆட்டங்களிலும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று கூறினார். வில்லியம்ஸ் மறுத்தார். முந்தைய இரவில் அவர் அணியின் உடைமாற்றறைப் பொறுப்பாளர் ஜானி ஆர்லாண்டோவோடு நகரத் தெருக்களில் நெடுநேரம் நடந்தார் என்பது இருவரும் பின்னர் கூறிய செய்தி. அன்று எட்டு முறை மட்டை பிடித்ததில் மூன்று ஹிட்கள் மட்டும் கிடைத்திருந்தால் சராசரி .399ஆக இறங்கியிருக்கும்; நான்கு கிடைத்திருந்தால் .401. கிடைத்தவை ஆறு. இரண்டாம் ஆட்டத்தில் அவர் அடித்த ஒரு பந்து வலப்புறச் சுவரின் மீதிருந்த ஒலிபெருக்கியைத் தாக்கியது. 456 முறைக்கு 185 ஹிட்கள் என்ற கணக்கில் முடிவு .4057, அச்சில் .406.

இங்கும் விதியின் கை உண்டு. ஆனால் இம்முறை எதிர்த்திசையில். உயரப் பறந்து பிடிபடும் பந்தினால் ஓர் ஓட்டம் கிடைத்தால், அது மட்டையாளரின் தியாகமாகக் கருதப்பட்டு அவருடைய கணக்கில் சேர்க்கப்படாத ஏற்பாடு முன்பும் இருந்தது, 1954 முதலும் இருந்து வருகிறது. ஆனால் 1941இல் அது நடைமுறையில் இல்லை. அவ்விதி இருந்திருந்தால் வில்லியம்ஸின் எண் .410ஐத் தாண்டியிருக்கும். டிமாஜியோவுக்கு ஆட்டம் வளைந்து கொடுத்தது; வில்லியம்ஸுக்கு அது நிமிர்ந்தே நின்றது. அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்த நிருபர்கள் டிமாஜியோவுக்கு 291 புள்ளிகளும் வில்லியம்ஸுக்கு 254 புள்ளிகளும் அளித்தனர். இன்றைய ஆய்வாளர் பலர் அம்முடிவை மாற்றி எழுதுவர். ஆனால் அன்றைய வாக்காளர்களுக்கு .400 என்பது அரிதானதே தவிர, இனி வரவே வராத ஒன்று அன்று. 1930இல் பில் டெர்ரி .401 அடித்ததை அவர்கள் அறிந்திருந்தனர்.

வில்லியம்ஸே கடைசி .400 மட்டையாளர் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதப்பட்டுவந்த வாக்கியம் இப்போது திருத்தம் வேண்டி நிற்கிறது. 1941இன் பதினாறு அணிகளில் ஒன்றில்கூடக் கறுப்பின வீரர் ஒருவருக்கும் இடம் இல்லை. அக்காலத்தின் மிகச்சிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான ஜாஷ் கிப்சன் அந்தக் கோடையில் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். சாச்செல் பேஜ் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காகப் பந்தெறிந்துகொண்டிருந்தார். கறுப்பினத்தவருக்கென 1920 முதல் 1948 வரை நடந்த லீகுகளை 2020 டிசம்பரில் முதல்நிலையாக ஏற்றுக்கொண்ட பேஸ்பால் தலைமை, 2024 மே மாதத்தில் அவற்றின் புள்ளிவிவரங்களையும் பொதுக் கணக்கில் சேர்த்தது. அதன்படி ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி 1943இல் கிப்சன் அடித்த .466. எனவே 1941இன் நினைவு எத்தனை அன்போடு எழுதப்பட்டாலும், அது மைதானத்தின் ஒரு பாதியை மட்டுமே கண்ட நினைவு.

மறக்கப்படாமல் இருந்துவிட்டவர் என்று முன்னர் கூறப்பட்டவர் புரூக்ளின் டாட்ஜர்ஸின் கேட்சர் மிக்கி ஓவன். மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்துவீச்சாளர் எறிவதைப் பிடிப்பவர் கேட்சர். லியோ டியூரோஷரின் தலைமையில் 100 ஆட்டங்களை வென்று, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை இரண்டரை ஆட்ட இடைவெளியில் பின்தள்ளி, 1920க்குப் பிறகு முதன்முறையாக லீகை வென்றிருந்த அணி அது. யாங்கீஸோ செப்டம்பர் 4 அன்றே தம் லீகில் முதலிடத்தை உறுதி செய்து விட்டனர். உலகத் தொடரின் நான்காம் ஆட்டம் அக்டோபர் 5 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் நடந்தது. தொடரில் யாங்கீஸ் 2-1 என முன்னிலை. ஆட்டத்தில் புரூக்ளின் 4-3 என முன்னிலை. ஒன்பதாம் இன்னிங்ஸ், இருவர் ஆட்டமிழந்தாயிற்று, மட்டை பிடித்தவர் இங்கும் டாமி ஹென்ரிக். ஹ்யூ கேசி எறிந்த பந்தை அவர் வீசித் தவறவிட்டார்; நடுவர் மூன்றாம் ஸ்டிரைக் என்று கை காட்டினார். ஆனால் மூன்றாம் ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்கத் தவறினால், இருவர் ஆட்டமிழந்த நிலையில், மட்டையாளர் முதல் பேஸுக்கு ஓடலாம் என்பது விதி. பந்து ஓவனின் கையுறையில் பட்டு விலகிப் பின்னால் உருண்டது. ஹென்ரிக் ஓடினார். தொடர்ந்து வந்த யாங்கீஸ் மட்டையாளர்களுள் டிமாஜியோ ஒரு ஹிட், கெல்லர் வலப்புறச் சுவரில் மோதும் ஹிட், டிக்கிக்கு இலவசமாக முதல் பேஸ், கார்டன் இன்னொரு ஹிட்: ஆட்டம் 7-4 என யாங்கீஸுக்கு. மறுநாள் தொடரும் முடிந்தது.

அது வளைவுப் பந்தா, 1920லேயே தடை செய்யப்பட்ட எச்சில் தடவிய பந்தா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. அதனால் ஒரு பயனும் விளையவில்லை. அந்தப் பருவத்தில் ஓவன் பிழையின்றிப் பந்து பிடிப்பதில் நேஷனல் லீகின் மிகச்சிறந்தவர்களுள் ஒருவராக இருந்தார் என்பதையோ, ஹென்ரிக் முதல் பேஸை அடைந்த பிறகு நான்கு மட்டையாளர்களைக் கேசியால் வீழ்த்த இயலவில்லை என்பதையோ யாரும் முதலில் குறிப்பிடுவதில்லை. ஓவன் 2005இல் காலமானபோதும் இரங்கல் குறிப்புகள் அந்தப் பந்திலிருந்தே தொடங்கின.

இரு மாதங்கள் கழித்து, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த டிசம்பர் 7 வந்தது. படையிலிருந்து இரண்டு நாள் முன்புதான் விடுவிக்கப்பட்டிருந்த கிரீன்பெர்க் திரும்பவும் சேர்ந்தார். 25 ஆட்டங்களை வென்று முடித்திருந்த ஃபெல்லர் அடுத்த இரு நாட்களுக்குள் கடற்படையில் இணைந்தார். 1942 ஜனவரியில் ரூஸ்வெல்ட் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸுக்கு எழுதிய கடிதத்தில் ஆட்டங்கள் தொடர்வதே நாட்டுக்கு நல்லது என்றார். ஆட்டங்கள் தொடர்ந்தன, ஆட்கள் குறைந்தனர். டிமாஜியோவும் வில்லியம்ஸும் 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்களை இழந்தனர். சான் ஃபிரான்சிஸ்கோவில் மீனவராக வாழ்ந்த டிமாஜியோவின் தந்தை, குடியுரிமை பெறாத இத்தாலியர் என்பதால் எதிரி நாட்டவராகப் பதிவு செய்யப்பட்டு, தாம் மீன் பிடித்த துறைமுகத்துக்குச் செல்லவும் தடைவிதிக்கப்பட்டார்.

இழப்பைக் கணக்கிடுவோர் இந்த இருவரோடு நின்றுவிடுகின்றனர். 1941இல் அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் மிக அதிக ஹிட்கள் அடித்தவர் இவ்விருவருள் ஒருவரும் அல்லர்; வாஷிங்டன் அணியின் ஷார்ட்ஸ்டாப் செசில் டிராவிஸ். 218 ஹிட்கள், .359 சராசரி, இது டிமாஜியோவின் .357ஐ மிஞ்சியது, வில்லியம்ஸுக்கு மட்டுமே பின்தங்கியது. ஜூன் 29 அன்று கிரிஃபித் ஸ்டேடியத்தில் சிஸ்லரின் எண் வீழ்ந்தபோது எதிரணியாக நின்றது அவருடைய அணியே. ஜார்ஜியா மாநிலத்துக்காரரான அவர் அந்தப் பருவம் முடிந்ததும் இராணுவத்தில் சேர்ந்து, 1944-45 குளிர்காலத்தில் பெல்ஜியத்தில் நடந்த பல்ஜ் போரில் பாதங்கள் உறைந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டார். 1945 செப்டம்பரில் களத்துக்குத் திரும்பியவரால் பழையபடி ஆட முடியவில்லை, 1946இல் .252, 1947இல் .216, அதோடு ஓய்வு. பாதங்களைக் காரணம் காட்ட அவர் கடைசிவரை முன்வரவில்லை. நெடுங்காலம் ஆடாதிருந்ததால் பந்தைச் சந்திக்கும் நேரக் கணிப்பு போய்விட்டது என்று மட்டுமே கூறிவந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இதுவரை இடம் அளிக்கப்படவில்லை.